தெற்கே பொங்கிய பானை

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் புத்தியையும் செருப்பையும் கரையில் விட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குள் போவார்கள். புத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்களா என்று எனக்குத் தெரியாது. செருப்பை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அதுவும் ஒற்றைச் செருப்பு. ஒன்றைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும், மிச்சம் ஒன்றை வைத்து என்ன செய்வது என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ரப்பர் செருப்பு எங்கள் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. நான் அந்த ஒற்றைச் செருப்புகளைப் பொறுக்குவேன். பிச்சைக்காரி என்று நினைத்தவர்கள் உண்டு. பைத்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். என் வாழ்த்து அட்டைகளுக்கு அந்த ரப்பரில்தான் அச்சு வெட்டினேன்.

செருப்பின் குதிகால் பக்கம் கனமாக இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, மேலே பென்சிலால் படம் வரைந்து, சவர பிளேடைப் பாதியாக உடைத்து மூங்கில் குச்சியில் கட்டி, கோடு தவிர மற்ற இடத்தை நோண்டி எடுக்க வேண்டும். பிறகு ஒரு மரக்கட்டையில் ஒட்டினால் அச்சு. தகர மூடியில் துணியை மடித்துப் போட்டுச் சாயப்பொடி கரைத்து ஊற்றினால் மைத்தட்டு. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோர்ட்டுக்கு எதிரே வக்கீல்களுக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் கடையில் ஒரு ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று தோன்றியது. இவ்வளவுதான் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

காகிதத்துக்குக் குறைவில்லை. தென்காசியில் நோட்டுப் புத்தகம் தைக்கிற ஒரு பைண்டிங் கடையில் எனக்கு வேலை. தாளை மடிப்பது, ஊசி நூலால் தைப்பது, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவது. வெட்டி விழுகிற அட்டைத் துண்டுகளை எடுத்துப் போக முதலாளி சம்மதித்தார். வீடு என்று நான் இருந்தது ஒரு அறை, அதற்குப் பின்னால் ஒரு முற்றம். கடையில் இருந்து வந்ததும் உட்கார்ந்தால் விளக்கேற்றும் நேரம் வரை வெட்டுவேன், ஒட்டுவேன். பேச ஆள் கிடையாது. கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போய் யார் யாரையோ திட்டும். வெட்டுகிறபோது அந்த வேகம் ரப்பரில் இறங்கும்.

ஏன் தனியாக இருந்தேன் என்று கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். என்னைக் கட்டிக் கொடுத்தது செங்கோட்டையில். கட்டியவன் கையை நீட்டுவான். சில வருஷம் பொறுத்தேன். ஒரு நாள் அவன் கையை ஓங்கியபோது நான் உலக்கையை ஓங்கினேன். அவன் தெருவுக்கு ஓடிவிட்டான். உலக்கை எடுத்தவளோடு குடும்பம் நடத்த முடியாது என்று நாலு பெரிய மனுஷர்கள் கூடிச் சொன்னார்கள். கை நீட்டியவனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பிறந்த ஊர் இலத்தூர். அங்கே போனேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அண்ணன் சொன்னதுதான் சட்டம். அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“வாழாம வந்து நீ இங்கன உக்காந்தா நாளைக்கு எம்பிள்ளையள எவன் கெட்டுவான்?”

“அடி வாங்கிச் செத்தா கெட்டுவானா?”

“அந்த வாய்தாம்ட்டி ஒன்னைய இங்கன கொண்டுவந்து நிறுத்திருக்கு.”

அம்மா உள்ளே அழுதது கேட்டது. வெளியே வரவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டேன். இலத்தூருக்கும் தென்காசிக்கும் பஸ் உண்டு. பஸ் இல்லாவிட்டால் நடந்தே வந்துவிடலாம். யாரும் வரவில்லை.

பொங்கல் வந்தால்தான் எனக்கு ஆத்திரம் முற்றும். எங்கள் பக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்து பொங்கல்படி போகும். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு எல்லாம் அண்ணனோ தம்பியோ தலைச்சுமையாகவோ வண்டியிலோ கொண்டுபோய் இறக்குவான். பெண்ணுக்கு வயசாகிப் பேரன் பேத்தி எடுத்தாலும் படி நிற்காது. எனக்கு நின்றுவிட்டது. வாக்கப்பட்ட வீட்டுக்குத்தான் படி, தனியாகக் கிடக்கிறவளுக்கு ஏது படி என்று அண்ணன் ஊரில் சொன்னதாக, பைண்டிங் கடைக்கு வந்த ஒரு இலத்தூர்க்காரர் என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு, “மனசுல வச்சுக்கிடாத” என்றார். வேறு எங்கே வைப்பது?

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். நான் கடிதம் போட்டால் அவன் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவான். அதனால் எழுத்தே இல்லாமல் அனுப்புவது என்று முடிவு செய்தேன். அட்டையை விரித்தால் பச்சைக் கிளேஸ் தாளில் மடித்த இரண்டு கரும்பு எழுந்து நிற்கும். மேலே மஞ்சளைக் குழைத்து அச்சில் தொட்டு வைத்த சூரியன். கீழே ஒரு பசு. இன்னாரிடமிருந்து என்று எதுவும் கிடையாது. அம்மா பெயரையும் ஊரையும் மட்டும் எழுதித் தபாலில் சேர்ப்பேன். ஒவ்வொரு தைக்கும் ஒன்று.

பதில் வராது என்று தெரியும். அம்மா எப்படிப் பதில் போடுவாள்? எனக்கு வேண்டியது பதில் இல்லை. அட்டை அவள் கைக்குப் போனதா, அண்ணன் அடுப்பில் போட்டானா? நான்தான் அனுப்புகிறேன் என்று அவளுக்குத் தெரிந்ததா? அது தெரிந்தால் போதும். அதைக் கேட்க எனக்கு ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அந்த இலத்தூர்க்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊர் முழுக்கச் சொல்வார். கேட்கவில்லை.

சீசனில் லீவு நாட்களில் குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு சாக்கை விரித்து அட்டை விற்பேன். அருவி, குரங்கு, பலாப்பழம். சாரல் அடித்தால் சாயம் ஊறிக் குரங்கு நீலமாக வழியும். அதற்கும் ஆள் வாங்குவார்கள். எல்லாரும் குடும்பம் குடும்பமாக, எண்ணெய்த் தலையும் ஈரத் துணியுமாகச் சிரித்துக்கொண்டு போவார்கள். என்னைக் கடந்து போகிற சத்தம் நாள் முழுக்கக் காதில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் இருந்ததைப் போல நான் வேறு எங்கும் தனியாக இருந்ததில்லை.

அந்த அட்டைகளால் எனக்கு ஒரு கெடுதலும் நடந்தது. அருவி நேரே கீழே விழுகிறது. அதற்கு வலது இடது கிடையாது. குரங்கு வால் எந்தப் பக்கம் இருந்தால் யாருக்கு என்ன? கரும்பும் சூரியனும் அப்படித்தான். ஸ்டாம்பு என்றால் வெட்டியதற்குத் திருப்பித்தான் விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதுவரை அது எனக்கு உறைக்க ஒரு காரணம் இருக்கவில்லை.

ஒரு வருஷம் ரத வீதியில் பேப்பர்க் கடை வைத்திருந்த அண்ணாச்சி என் அட்டைகளைப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஒரு கட்டு செய்து தரச் சொன்னார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த ஒருவர் வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பக் கேட்டாராம். பொங்கல் என்றால் பானை வேண்டும் என்றார் அண்ணாச்சி. சரிதானே, இத்தனை வருஷம் அம்மாவுக்குக்கூடப் பானை இல்லாமல் அனுப்பியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு பானை வெட்டினேன். பானைக்குப் பின்னால் உதிக்கிற சூரியன். வாயில் இருந்து நுரை பொங்கி இடப்பக்கமாக வழிகிறது.

இடப்பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு. பொங்கல் அன்று எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது பால் எந்தப் பக்கம் பொங்கியது என்றுதான். கிழக்கேயோ வடக்கேயோ பொங்கினால் நல்லது. தெற்கே பொங்கினால் நோய், நட்டம், சாவு. தெற்கே பொங்கியவள் வெளியே சொல்ல மாட்டாள். சூரியனைப் பார்த்து நின்று பொங்கல் வைக்கிறவளுக்கு இடது கைப்பக்கம் வடக்கு, வலது கைப்பக்கம் தெற்கு. என் அம்மா எதையும் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறவள் இல்லை. அடுப்புக் கட்டியின் தென்பக்கத்தில் ஒரு ஓட்டுச் சில்லை அடியில் கொடுத்துப் பானையை வடக்கே கொஞ்சம் சரித்து வைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் பால் எப்போதும் வடக்கேதான் பொங்கியது. அந்தச் சில்லைத் தேடி எடுத்து வருவது சின்ன வயசில் என் வேலை.

இடப்பக்கம் வழிகிற மாதிரி வரைந்தேன், அப்படியே வெட்டினேன். அச்சில் வலப்பக்கம் விழுந்தது. தெற்கே.

நான் கவனிக்கவில்லை. சாயம் சரியாக ஏறுகிறதா, விளிம்பில் கசிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு சாயபு அக்கா இருந்தாள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, வருஷக்கணக்கில் வராதவன். அவளும் என்னைப் போலத்தான், ஆனால் ஊர் அவளை வாழ்கிறவள் என்று சொன்னது. காயப்போட்ட அட்டைகளை வந்து பார்த்தாள்.

“அழகா இருக்குளா. நொர கூட தெரியுதே!” என்றாள்.

அவள் வீட்டில் பொங்கல் கிடையாது. அவளுக்குத் தெற்கும் வடக்கும் எப்படித் தெரியும்? வேறு யாராவது ஒருத்தி என்னோடு அந்த அறையில் இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் வாயில் கை வைத்திருப்பாள். இல்லை. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, மற்றதைக் கட்டி அண்ணாச்சி கடையில் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனால் மண்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கட்டு பிரிந்து கிடக்கிறது.

“இந்தப் பொம்பளதானா அண்ணாச்சி? ஏம்மா, எம்மேல ஒனக்கு என்ன கோவம்?” என்றார் மண்டிக்காரர்.

“உங்கள இப்பத்தான் பாக்கேன். கோவப்பட இனிமேதான் நேரம் பாக்கணும்.”

“பாத்தீரா பேச்ச? லாரி லாரியா பழம் எடுக்குதவனுக்கெல்லாம் நட்டப்பட்டு நாசமாப் போன்னு நான் வாழ்த்து அனுப்பணுமா? சூரியன் எங்க இருக்கு, பானை எங்கன பொங்குது, கண்ணத் தொறந்து பாரு!”

பார்த்தேன். அட்டைக்கட்டு போகட்டும், அம்மாவுக்கு அனுப்பியதும் இதே அச்சுதான். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு, “தைப் பெறப்பும் அதுவுமா தெக்க பொங்க வச்சிட்டியேம்மா” என்றார். கட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன்.

“நேத்துப் போட்ட தபால் ஒண்ணு. இலத்தூருக்கு. அது போவக்கூடாது. எடுத்துக் குடுங்க.”

ஜன்னலில் இருந்தவர் சிரித்தார். “இலத்தூர்ப் பை காலையிலேயே போயிட்டும்மா. பெட்டிக்குள்ள போட்டாச்சுன்னா அது ஒங்க பொருள் இல்ல, வாங்குதவுக பொருள். எதும் தப்பா எழுதிட்டேளா?”

“எழுதவே இல்ல.”

“எழுதாத காயிதத்துக்கா இந்த ஓட்டம்?”

அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்புக்காக நான் அவரை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மரக்கட்டையைச் சுவரில் விட்டெறிந்தேன். ரப்பர் உடையவில்லை, சுவரில் காரைதான் பெயர்ந்தது. அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். பிறகு அதைவிட மோசமாக ஒன்று தோன்றியது. ஒருவேளை எந்த அட்டையுமே அவளிடம் போயிருக்காது. இதுவும் அடுப்புக்குள்தான் போகும். அப்படியானால் நான் ஓடியதே வீண். தப்பு போய்ச் சேர வேண்டும் என்று வேண்டுவதா, சேரக்கூடாது என்று வேண்டுவதா? எனக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் கிடந்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் முற்றம் மெழுகிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு ஆண் குரல் பைண்டிங் கடையில் வேலை செய்கிறவள் வீடு எது என்று கேட்டது. சாயபு அக்கா வழி காட்டினாள். எழுந்து வந்து பார்த்தேன். அண்ணன். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு துணி மூட்டை. படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றான்.

“இருக்கியா?” என்றான்.

“இல்ல, செத்துட்டேன். பேசுதது ஆவி.”

“நல்ல நாளும் பொழுதுமா வாயப் பாரு. ஒடம்புக்கு எதும் இல்லயே?”

“எனக்கென்ன? ஒனக்குத்தான் தலையெல்லாம் நரச்சிட்டு.”

“நரைக்காம என்ன செய்யும்? அந்த அட்டைய என்ன எழவுக்கு அனுப்புன? அத கையில வாங்குனதுல இருந்து அம்மை சோறு தண்ணி எறங்காமக் கெடக்கா. தெக்க பொங்கிருக்கே, எம்பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு, போயிப் பாரு, போயிப் பாருன்னு ஒரே அழுக.”

என் கையில் சாணி.

“தப்பா விழுந்துட்டு அண்ணே. நான் வடக்கதான் வரஞ்சேன். அச்சுல திரும்பிட்டு.”

“அதத்தான நானும் சொன்னேன்! தெரியாமச் செஞ்சிருப்பான்னு. அவ கேக்காளா? ‘சில்லு எடுத்துக் குடுத்து வளந்த பிள்ள, அவளுக்கா தெக்கும் வடக்கும் தெரியாது? வாய்விட்டுச் சொல்ல முடியாம காட்டிருக்கா’ங்கா.”

“முன்னால அனுப்புனதெல்லாம்?”

“என்னது?”

“கரும்பு, பசு... அதெல்லாம் அம்மை பாத்தாளா?”

“பின்ன? குலுக்கை மேல அடுக்கி வச்சிருக்கா. நெல்லு எடுக்கப் போனாக்கூட ஒருத்தனும் தொடக்கூடாது. வாரவ போறவட்டயெல்லாம் விரிச்சு விரிச்சுக் காட்டுதா, எம்மவ செஞ்சது, எம்மவ செஞ்சதுன்னு. எனக்குத்தான் மானம் போவுது.”

எத்தனை வருஷம் தெரியாமல் கிடந்தது. அவன் அதைத் திட்டாகச் சொன்னான். நான் அதைத் திட்டாக வாங்கவில்லை. அவனுக்கு அது தெரியாது.

“உள்ள வா. தண்ணியாவது குடி.”

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். சுவரோரம் காகிதம், பசைச் சட்டி, அச்சுக் கட்டைகள், ஒற்றைச் செருப்புகள். செருப்புகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. நல்லாத்தான் இருக்கான்னு சொல்லிருதேன்.” மூட்டையைப் படியில் வைத்தான். “அம்மை குடுத்தா. சிறுகிழங்கு. படின்னு நெனச்சுக்கிடாத.”

“படின்னு எவ சொன்னா? கிழங்க வச்சிட்டுக் கெளம்பு.”

கிளம்பினான். தெருமுனையில் ஒரு தடவை நின்றான். திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டத்தான் நின்றிருக்கிறான். போய்விட்டான்.

மூட்டையைப் பிரித்தேன். மண் ஒட்டிய சிறுகிழங்கு. அதைச் சாக்கில் போட்டு உரசித் தோல் எடுத்தால் கை கறுத்துப் போகும். பொங்கல் முடிந்து பல நாள் அந்தக் கறை என் விரலில் இருந்தது. புளி போட்டுத் தேய்க்கலாம். தேய்க்கவில்லை.

அடுத்த தை வந்தது. அண்ணாச்சி ஆத்திரம் ஆறி, மறுபடியும் பானை கேட்டார். இந்தத் தடவை வலப்பக்கம் வழிகிற மாதிரி வரைந்து வெட்டினேன். வேறு மரம் கிடைக்காததால் பழைய கட்டையின் மறுபுறத்திலேயே ஒட்டினேன். ஒரு பக்கம் அழுத்தினால் வடக்கே பொங்கும். திருப்பி அழுத்தினால் தெற்கே பொங்கும். அம்மாவின் அட்டையை மடித்துக் கரும்பை ஒட்டிவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயபு அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கதை முழுக்கத் தெரியும்.

“என்னளா யோசிக்க? பழைய பக்கத்தயே வையி. மறுபடியும் ஓடி வருவாவ. இந்தத் தடவ அம்மாவே வந்தாலும் வருவா.”

“சோறு எறங்காமக் கெடந்தாளாம்.”

“ஒரு நாலு நாள் கெடப்பா. அப்புறம் ஒன்னப் பாத்துட்டுத் தின்னுட்டுப் போவா. எங்கவூட்டு மனுசனுக்கு இப்படி ஒண்ணு அனுப்ப முடியும்னா நான் மாசத்துக்கு ஒண்ணு அனுப்புவேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் கை அந்தப் பக்கம்தான் போயிற்று. தெற்கே பொங்கினால் ஆள் வரும். வடக்கே பொங்கினால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நன்றாக இருக்கிறவளைப் பார்க்க யார் பஸ் ஏறி வரப்போகிறார்கள்? நியாயமாகப் பார்த்தால் நான் நன்றாகவும் இல்லை. தெற்குதான் உண்மை. ஆனால் அந்த உண்மையை அம்மா குலுக்கை மேல் வைத்துக்கொண்டு அழ வேண்டும். வாசலை மறித்தவன் அழமாட்டான்.

வடக்கை அழுத்தினேன். அழுத்திவிட்டு, திரும்ப ஒருமுறை சரிபார்த்துத் தபாலில் போட்டேன்.

பொங்கல் அன்று காலை முற்றத்தில் பானை வைத்தேன். சந்தையில் வாங்கிய சிறுகிழங்கை உரசிக் குழம்பு வைத்தேன். தெருவில் யாராவது வழி கேட்கிற குரல் வந்தால் எழுந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் வேறு வீட்டுக்கு வந்தவர்கள். கரும்புக் கட்டோடு அண்ணன்களும் தம்பிகளும் என் வாசலைக் கடந்து போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தைக்கும் அந்தக் கட்டையை எடுத்தேன். அம்மா இருந்தவரை வடக்குப் பக்கத்தையே அழுத்தி அனுப்பினேன். எல்லா அட்டையும் அவள் கைக்குப் போயிற்று, அது எனக்குத் தெரியும். யாரும் வரவில்லை.